தேயிலை மலிவானபோது வந்த கோபம்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அமெரிக்கப் புரட்சிக்குக் காரணம் தேயிலை வரி என்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. ஒரு பவுண்டு எடைக்கு வெறும் 3 பென்ஸ்! இதற்காகவா துப்பாக்கி எடுத்தார்கள்? வங்காளத்தில் தேயிலை விற்ற இதே கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பிடுங்கியதோடு பார்த்தால் இது தூசு அல்லவா?

க., திருச்சி

அன்புள்ள க.,

தூசுதான். இன்னொரு வேடிக்கை, 1773-ன் தேயிலைச் சட்டம் விலையை ஏற்றவில்லை, இறக்கியது. 1770 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு கும்பினி கடனில் முழுகிக் கிடந்தது. லண்டன் கிடங்குகளில் சீனத் தேயிலை விற்காமல் குவிந்திருந்தது. அதை நேராக அமெரிக்காவில் விற்றுக்கொள்ள நாடாளுமன்றம் வழிவிட்டது. அந்த 3 பென்ஸை மட்டும் விடவில்லை. மலிவாயிற்றே என்று வாங்கிக் குடித்தால், வரிபோடும் உரிமை லண்டனுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களுக்குப் பிழைப்பு போகும் என்ற கவலையும் கூடவே இருந்தது.

வங்காளத்தோடு ஒப்பிட்டீர்கள். கும்பினிக்கு அங்கே திவானி, அதாவது வரி வசூலிக்கும் உரிமை, கிடைத்த அதே 1765-ல்தான் அமெரிக்காவுக்கு முத்திரைவரிச் சட்டம் வந்தது. பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை வரி. ஆனால் அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒன்றான வர்ஜீனியாக்காரர்கள் 1619 முதலே சொந்தச் சட்டசபை வைத்து, தங்கள் வரியைத் தாங்களே போட்டுப் பழகியவர்கள். வங்காளத்து உழவனுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல அப்படி ஒரு கூடம் இல்லை. வர்ஜீனியாக்காரர்களுக்கு இருந்தது. வேறுபாடு அங்கேதான் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே முத்திரைவரிச் சட்டம் வாபஸ்.

பாஸ்டனில் தேயிலையை விற்க நியமிக்கப்பட்ட முகவர்களில் இருவர் ஆளுநரின் பிள்ளைகள். தேயிலைக் கப்பல்களைத் திருப்பி அனுப்ப ஆளுநர் சம்மதிக்கவில்லை. 1773 டிசம்பர் 16 இரவு, மோஹாக் பழங்குடி வேடமிட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளை உடைத்துக் கொட்டினார்கள். கடல் வற்றியிருந்த நேரம். தேயிலை மூழ்காமல் கப்பலோரம் வைக்கோல்போர் போல எழும்பிவிட, அதைத் தள்ளித் தள்ளிவிட வேண்டியிருந்தது. சட்டைக்குள் கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கொண்ட ஆள் மாட்டிக்கொண்டு உதை வாங்கினான்.

அத்தோடு முடிந்திருக்கலாம். லண்டன் 1774-ல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடி, அந்த ஊர் இருந்த மாசசூசெட்ஸின் ஆட்சிச் சாசனத்திலும் கைவைத்தது. எங்கோ தெற்கே இருந்த கரோலினாக்காரர்கள் பாஸ்டனுக்கு அரிசி அனுப்பினார்கள். ஒரு ஊரின் வம்பை எல்லோர் வழக்காகவும் ஆக்கியது கொட்டிய தேயிலையைவிட இந்தத் தண்டனைதான். அப்போதும் யாரும் விடுதலை கேட்கவில்லை. லெக்சிங்டனில் ஆங்கிலப் படையோடு மோதி ரத்தம் சிந்திய பிறகும், 1775 ஜூலையில், இங்கிலாந்து மன்னருக்குப் பணிவாக ஒரு மனு எழுதினார்கள். அவர் அதை வாங்கவே மறுத்தார். சரியாக ஓராண்டில் சுதந்திரப் பிரகடனம்.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்த விடுதலைப் படையின் தளபதி வாஷிங்டனிடம் ஹாரி என்றொரு அடிமை இருந்தார். 1776-ல் தப்பி ஓடி, ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். போர் முடிந்து கனடா போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேறினார். அந்தக் குடியேற்றத்தை நடத்தியதும் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றுதான். அது நிலத்துக்கு வரி கேட்டது. 1800-ல் அதை எதிர்த்துக் கிளம்பிய கலகக்காரர்களில் ஹாரி வாஷிங்டனும் ஒருவர். நாடுகடத்தினார்கள்.