பதில்: பெற்றோர் குழுவில் வீட்டுப்பாடத் தகவல் தொலைந்துபோகிறது

வணக்கம். 40 பெற்றோர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போடும் வீட்டுப்பாடம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடுகிறது, பாதிப் பேர் பார்ப்பதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் குழு அமைப்புகளில், அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பும்படி மாற்றிவிடுங்கள். கேள்வி இருப்பவர்கள் உங்களுக்குத் தனியாக எழுதட்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் வேண்டாம். உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்களுக்கு அது போய்ச் சேராது.

அப்புறம், பார்க்காதவர்களில் சிலருக்கு வாசிப்பதே சிரமமாக இருக்கலாம். என் வகுப்பில் அப்படித்தான் இருந்தது. எழுதியதோடு ஒரு நிமிடக் குரல் பதிவும் சேர்த்தேன். அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு பாட்டி, பேரன் வீட்டில் எப்படிப் படிக்கிறான் என்று குரலிலேயே பதில் அனுப்பினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுப்பாடத்தோடு, “இன்று பிள்ளையிடம் இதைக் கேளுங்கள்” என்று ஒரு கேள்வியும் சொல்லுங்கள், வீட்டில் பேச்சு தொடங்கும்.

பள்ளியில் கூகுள் கிளாஸ்ரூம் (இணையத்தில் வீட்டுப்பாடம் கொடுத்து வாங்கும் கூகுளின் வசதி) இருந்தால், முடிக்காத வேலைகளின் சுருக்கம் தினமோ வாரம் ஒருமுறையோ பெற்றோரின் மின்னஞ்சலுக்குத் தானாகப் போகும்படி செய்யலாம். அந்த வசதியைப் பள்ளிக் கணக்கின் நிர்வாகியிடம் கேளுங்கள்.