வங்கிச் சம்பளமும் வெளிப் பேச்சும்

வணக்கம் சார்,

சர்வதேச வங்கிகளின் தலைமைப் பொருளாதார நிபுணர்கள் வட்டி, நாணய மதிப்பு என்று தொலைக்காட்சியில் அடித்துப் பேசுகிறார்கள். சம்பளம் கொடுப்பதோ வங்கி. இவர்கள் பேச்சை எப்படி நம்புவது? பொருளாதாரத்தில் முதுகலை படிக்கும் நான் இந்த வேலைக்கு ஆசைப்படலாமா?

க.

அன்புள்ள க.,

சம்பளத்துக்காகப் பொய் சொல்வார்கள் என்று நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். அப்பட்டமான பொய் அபூர்வம். மாட்டிக்கொண்டால் பிழைப்பே போய்விடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிபுணர் சொல்வதில் விற்கக்கூடிய பகுதியை மட்டும் வங்கி எடுத்துக்கொள்ளும்.

ஜிம் ஓ'நீலைப் பாருங்கள். நாணயச் சந்தையில் பழுத்த ஆள், கோல்ட்மன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியில் இருந்தவர். பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து 'பிரிக்' (BRIC) என்று 2001 நவம்பரில் ஓர் அறிக்கை எழுதினார். இந்த நாடுகள் வளர்கின்றன, ஆகவே பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஜி-7 போன்ற அமைப்புகளைத் திருத்தி இவற்றுக்கும் இடம் கொடுங்கள் என்பதுதான் அதன் வாதம். உலக நிர்வாகம் பற்றிய பேச்சு! சந்தை அதையா காதில் வாங்கும்? 'பிரிக்' பெயரில் முதலீட்டு நிதிகள் முளைத்தன. 2009-இல் நான்கு நாட்டுத் தலைவர்களும் ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க்கில் கூடினார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவையும் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பொருளாதாரம் இந்த வரிசைக்குச் சிறியது என்று ஓ'நீலே சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை.

கடைசியில் கோல்ட்மன் சாக்ஸே தன் பிரிக் நிதியை 2015-இல் வேறொரு நிதியோடு இணைத்துவிட்டது. சீனாவும் இந்தியாவும் வளர்ந்தன, கணிப்பில் பாதியாவது பலித்தது. ஆனால் ஒரு நாடு வளர்வது வேறு, அந்த நாட்டுப் பங்குகளில் போட்ட பணம் வளர்வது வேறு. நிதியை விற்கிறவர்கள் இதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

நேர் எதிர் ரகம் ஹென்றி காஃப்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தவர். கடன் பத்திர வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த சாலமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியில் இருந்துகொண்டே, வட்டி ஏறும், பத்திர விலை சரியும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொந்தக் கடைச் சரக்கையே குறை சொன்ன மனிதர். 'டாக்டர் டூம்' (அழிவு டாக்டர்) என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1982 ஆகஸ்ட் 17 அன்று, இனி வட்டி இறங்கும் என்று கருத்தை மாற்றினார். அன்றைக்கே அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 38.81 புள்ளி எகிறியது. ஏறக்குறைய 5 சதவீதம். அத்தனை நாள் கசப்பாகப் பேசியதால்தான் அந்த ஒரு நல்ல வார்த்தைக்கு அவ்வளவு விலை.

ஆகவே ஒருவர் பேசும்போது, போன வருஷம் என்ன சொன்னார், தன் வங்கிக்குப் பிடிக்காத எதையாவது எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள். கணிப்பு தப்புவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காரணத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்கிறவரிடம்தான் எனக்கு எரிச்சல்.

வேலைக்குத் தாராளமாக ஆசைப்படுங்கள். அங்கே கற்பது வங்கிக்கு வெளியிலும் உதவும். 2013-இல் வங்கியை விட்ட ஓ'நீல், அடுத்த ஆண்டே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் பலிக்காமல் போவது பற்றிய பிரிட்டிஷ் அரசின் ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். ஒன்றும் செய்யாவிட்டால் 2050-இல் ஆண்டுக்கு 1 கோடிப் பேர் சாகலாம் என்ற அதன் மதிப்பீடு நிதி அமைச்சர்களையும் திரும்பிப் பார்க்கவைத்தது. ஆனால் முடிந்தால் முதலில் ஒரு மத்திய வங்கியில் சில வருஷம் இருங்கள். காஃப்மனும் அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வேலை பார்த்துவிட்டுத்தான் 1962-இல் சாலமனுக்கு வந்தார்.