பொதுக் கொள்கை முதுகலை: பட்டத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள்

அரசியல் அறிவியலில் இளங்கலை முடிக்கவிருக்கும் உங்கள் மகள் அடுத்துப் பொதுக் கொள்கையில், அதாவது அரசின் திட்டங்களை வகுக்கவும் மதிப்பிடவும் கற்பிக்கும் துறையில், முதுகலை படிக்க விரும்புவதாகவும், படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெளிவாகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. மருத்துவமும் சட்டமும் படித்தவர்களுக்குக் கிடைப்பது போன்ற தொழில் உரிமம் இந்தப் படிப்பில் இல்லை. அரசுத் துறைகள், ஆய்வு நிறுவனங்கள், வளர்ச்சி வங்கிகள், தொண்டு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் எனப் பல இடங்களில் வேலை உண்டு என்றாலும், அவை பட்டத்தைவிட, விண்ணப்பிப்பவரால் என்ன செய்ய முடியும் என்பதையே பார்க்கின்றன. எனவே, அந்தப் பல்கலைக்கழகம் என்ன திறனைக் கற்றுத் தருகிறது என்பதுதான் நீங்கள் இருவரும் முதலில் ஆராய வேண்டியது.

இந்தப் படிப்பின் முதுகெலும்பு நுண்பொருளியலும் (தனிமனிதர்களும் நிறுவனங்களும் எடுக்கும் பொருளாதார முடிவுகளை ஆராய்வது) புள்ளியியலும்தான். பலர் இதை விவாதமும் கட்டுரையும் நிறைந்த படிப்பு என்று எண்ணிச் சேர்ந்து, முதல் பருவத்திலேயே திணறுகிறார்கள். கணக்கு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மெக்சிகோ அரசு 1997-இல் புரோகிரெசா என்ற திட்டத்தைத் தொடங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் தவறாமல் அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட 506 கிராமங்களில் குலுக்கல் முறையில் தேர்ந்த 320 கிராமங்களுக்கு முதலில் உதவி சென்றது. எஞ்சிய 186 கிராமங்களுக்குப் பிறகு சென்றது. இரு பிரிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் பள்ளிச் சேர்க்கை, குறிப்பாக இடைநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை, திட்டத்தினால்தான் உயர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. இப்படியொரு மதிப்பீட்டை வடிவமைக்கவும், பிறர் செய்த மதிப்பீட்டில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடிக்கவும், கண்டதை இரண்டு பக்கக் குறிப்பாக ஓர் அமைச்சரோ அதிகாரியோ படித்து முடிவெடுக்கும்படி எழுதவும் தெரிந்தவருக்கு வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு. நல்ல கல்வி நிலையங்கள் இவற்றோடு அரசியல் நிறுவனங்கள், பொது நிதி, நெறிமுறை, நிர்வாகம் ஆகியவற்றையும் கற்பிக்கின்றன, ஏனெனில் கணக்கில் சரியாக வரும் திட்டம் அரசியலில் நிறைவேறாமல் போவதும் உண்டு.

பட்டங்களின் வகைகளைப் பார்ப்போம். பொதுக் கொள்கை முதுகலை பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். பகுப்பாய்வுக்கு முதலிடம் தரும். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1969-இல் தொடங்கப்பட்ட பொதுக் கொள்கைப் பள்ளி (பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் கல்விப் பிரிவு) இந்த வகைக்கு முன்னோடிகளுள் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டின் பிளாவட்னிக் பள்ளி இதே பட்டத்தை ஓராண்டில் தருகிறது. பொது நிர்வாக முதுகலை இதைவிடப் பழையது. சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் பள்ளி 1924 முதல் இயங்கி வருகிறது. ஒரு துறையை நடத்துவது, பணியாளர்களையும் வரவுசெலவையும் கையாள்வது ஆகியவை இதில் கூடுதல் இடம் பெறும். ஆனால் இந்த எல்லைக்கோடு இன்று பல இடங்களில் மங்கிவிட்டது. பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளடக்கம் வேறாக இருக்கலாம் என்பதால், கட்டாயப் பாடங்களின் பட்டியலை வரி வரியாகப் படிப்பதே பாதுகாப்பு. ஹார்வர்டின் கென்னடி பள்ளி ஒன்றிலேயே பொதுக் கொள்கை முதுகலை, பொது நிர்வாக முதுகலை, கணிதமும் பொருளியலும் கனமாக உள்ள பன்னாட்டு வளர்ச்சிக்கான முதுகலை, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கான ஓராண்டுப் படிப்பு என்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. சட்டம், வணிக நிர்வாகம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றோடு இணைந்த இரட்டைப் பட்டங்களும் உண்டு. எந்தத் துறையில் பணியாற்றப் போகிறோம் என்பது முன்பே தீர்மானமாகியிருந்தால் மட்டுமே அவற்றின் கூடுதல் காலமும் செலவும் பொருத்தமானவை.

முனைவர் பட்டம் முற்றிலும் வேறு பாதை. பல பல்கலைக்கழகங்கள் அதற்குக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தருகின்றன. முதுகலைக்கோ பெரும்பாலும் குடும்பமே செலவை ஏற்க வேண்டியிருக்கும். இதைக் கண்டு, செலவு குறைவு என்பதற்காக மட்டும் முனைவர் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகக்கூடிய ஆராய்ச்சிப் பயிற்சி. ஆராய்ச்சியில் உண்மையான பற்று இல்லாதவர்கள் பாதியில் விட்டு விலகும்போது இழப்பது பணத்தைவிடப் பெரியது.

உங்கள் மகள் விஷயத்தில் என் கருத்தைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்: இளங்கலை முடித்த கையோடு சேராமல், இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வு நிறுவனத்திலோ, களப்பணி செய்யும் தொண்டு அமைப்பிலோ, உள்ளாட்சி அமைப்பிலோ பணியாற்றட்டும். இதைக் காலவிரயம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் ஒரு திட்டம் காகிதத்திலிருந்து பயனாளியிடம் போய்ச் சேரும் வழியில் எங்கெங்கே தடைபடுகிறது என்பதை நேரில் பார்த்தவர், வகுப்பில் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். சேர்க்கைக் குழுக்களும் இதை மதிக்கின்றன. “மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்” என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்கக் கட்டுரையைவிட, குடிநீர்க் கட்டணமோ பள்ளி இடைநிற்றலோ, தான் அருகிருந்து பார்த்த ஒரு சிக்கலையும் அதில் தனக்கு விடை தெரியாத கேள்வியையும் தெளிவாக முன்வைக்கும் கட்டுரை வலுவானது. அந்த இடைவெளியில் நுண்கணிதம், அடிப்படைப் புள்ளியியல், ஆர் (R) அல்லது ஸ்டேட்டா (Stata) போன்ற ஒரு புள்ளியியல் மென்பொருள் ஆகியவற்றைக் கற்றுக்கொண்டால், அரசியல் அறிவியல் பின்னணி ஒரு குறையாகத் தெரியாது.

கடன் வாங்கும் முடிவுக்கு முன், பல்கலைக்கழகத்திடம் சில விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். வேலைவாய்ப்பு அறிக்கையில் எத்தனை பேர் பதில் அளித்தனர், அரசுப் பணிக்கும் தனியார் ஆலோசனைப் பணிக்கும் சென்றவர்கள் எவ்வளவு பேர், வெளிநாட்டு மாணவர்களின் நிலை தனியாகத் தரப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பல நாடுகளில் அரசுப் பணி அந்நாட்டுக் குடிமக்களுக்கே ஒதுக்கப்பட்டிருப்பதால், வெளிநாட்டில் படிப்பதானால் இந்தக் கடைசி விவரம் மிக முக்கியம். இறுதி ஆண்டுத் திட்டப்பணி உண்மையான ஓர் அமைப்புக்காகச் செய்யப்படுகிறதா, கோடைகாலப் பயிற்சி கட்டாயமா, அதற்கு ஊதியமோ உதவியோ உண்டா என்பவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கூடவே, அண்மையில் படித்து முடித்த இரண்டு மூன்று பேரோடு உங்கள் மகளே நேரடியாகப் பேசட்டும். அந்த உரையாடலில் நீங்கள் உடன் இருக்க வேண்டாம்.