மோட்டார் சுற்றுகிறது, கார் ஏன் நகரவில்லை?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: தரம் 8இல் படிக்கும் மகன் பாடசாலைக் கண்காட்சிக்காகச் சிறிய கார் ஒன்றைச் செய்து, மோட்டாரின் தண்டிலேயே சில்லைப் பொருத்தியிருக்கிறான். தூக்கிப் பிடித்தால் சில்லு வேகமாகச் சுற்றுகிறது. தரையில் வைத்தால் நின்றுவிடுகிறது. 9 வோல்ற் பற்றரியாலும் பயனில்லை. பெரிய மோட்டார் வாங்க வேண்டுமா?

வேண்டாம், இந்த மோட்டாரே போதும். விளையாட்டுப் பொருட்களில் வரும் 3 வோல்ற் மோட்டார் சுமையில்லாதபோது நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 தடவை சுற்றும். ஆனால், அதன் திருப்பும் பலம் மிகச் சொற்பம். அந்தத் தண்டில் 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள சில்லை நேரடியாக மாட்டினால், கணக்கின்படி கார் மணிக்கு 110 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். ஆகவே மிதமிஞ்சிய அந்த வேகத்தை விட்டுக்கொடுத்து, பலத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பற்சில்லுகளைத் தேடிப் பார்க்கலாம். எனினும் மகன் கையாலேயே செய்வதை நான் விரும்புவேன். வெறுமையான பேனா ரீபிள் குழாயில் சிறு துண்டை வெட்டி மோட்டார் தண்டில் இறுக்கமாகச் செருகினால், அது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு கப்பியாகிவிடும். பின் அச்சில் 4.5 சென்ரிமீற்றர் அட்டை வட்டம் ஒன்றை, அதைவிடச் சற்றுப் பெரிய இரு வட்டங்களுக்கு நடுவே ஒட்டிப் பொருத்தி, அதையும் மோட்டார் தண்டின் கப்பியையும் இறப்பர் வளையத்தால் இணைக்க வேண்டும். வேகம் 15 மடங்கு குறையும். உராய்வில் வீணாவது போக, திருப்பும் பலம் ஏறக்குறைய அவ்வளவுக்கு உயரும். சுமையோடு வேகம் மேலும் குறைந்தாலும், கணக்கில் வருவது செக்கனுக்கு 2 மீற்றர்; வகுப்பறைத் தரைக்கு அது தாராளம். வளையம் வழுக்காத அளவுக்கு இறுகினால் போதும்; அதற்கு மேல் இறுகினால் தண்டை ஒருபக்கமாக இழுத்து மோட்டாரையே தடுக்கும்.

9 வோல்ற் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். அதனுள் இருப்பவை ஆறு சிறிய கலங்களே. மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அவற்றால் கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சரிந்துவிடும். இரண்டு ஏஏ அல்கலைன் கலங்களைத் தொடராக இணைப்பதே பொருத்தம். கார் அசையாமல் நிற்கும்போது ஆளியை உடனே அணைக்க மகனைப் பழக்குங்கள். நின்ற மோட்டாரின் சுருள் விரைவில் சூடேறிக் கருகக்கூடும்.

ஓடத் தொடங்கியபின், வளையத்தைக் கழற்றிச் சில்லை விரலால் சுண்டிப் பாருங்கள். சட்டென்று நின்றால் அச்சு எங்கோ உரசுகிறது. கார் ஒருபக்கம் இழுத்தால், முன் பின் அச்சுகளுக்கிடையிலான தூரத்தை இருபுறமும் அளந்து சமப்படுத்துங்கள். பின்னர் 3 மீற்றர் ஓட்டத்துக்கான நேரத்தை மும்முறை அளந்து சராசரி எடுத்து, ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, அந்த அளவீடுகளை அறிக்கையில் அட்டவணையாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.