‘முடியாது’ என்று சொல்ல முடிந்தவர்கள்

கேள்வி: ஒரு நாட்டின் வெளிநாட்டுக் கொள்கையை உள்நாட்டில் இருப்பவர்களால் மாற்ற முடியுமா? இல்லை, எல்லாம் வல்லரசுகள் எழுதிக் கொடுப்பதுதானா?

நான் அரசறிவியல் படித்தவன் அல்லன். கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுப்பது தொழில்; இங்கே ‘வாஃப் கிளார்க்’ என்பார்கள். இருபது வருடமாகச் சுங்கப் பத்திரங்களோடு அலைகிறேன். ஆகவே என் பதிலும் துறைமுக வாசலிலிருந்தே தொடங்கும்.

2019 மே மாதம், கிழக்குக் கொள்கலன் முனையத்தை இந்தியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து அபிவிருத்தி செய்வதாக இலங்கை கையெழுத்திட்டது. 51 வீதம் எங்களுக்கு, 49 வீதம் அவர்களுக்கு. கொழும்பில் கப்பல் மாறும் பெட்டிகளில் பெரும்பங்கு இந்தியாவுக்குப் போவதும் அங்கிருந்து வருவதும்தான். டில்லிக்கு அதில் ஏன் அவ்வளவு அக்கறை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆட்சி மாறியது. புதிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவும் 2021 ஜனவரியில் அதே 51–49 கணக்கையே சொன்னார். பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பலம் கையில் இருந்த காலம் அது. ஆனால் துறைமுகத் தொழிற்சங்கங்கள் இருபதுக்கு மேல் ஒன்றாகத் திரண்டன. பிக்குகள் வந்தார்கள். ஆளும் கூட்டணிக்குள்ளிருந்தே சிலர் முணுமுணுத்தார்கள். பெப்ரவரி 1ஆம் திகதி, முனையம் முழுவதும் துறைமுக அதிகார சபைக்கே என்று அரசாங்கம் இறங்கி வந்தது.

அன்று வாசலுக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில், பாரந்தூக்கி இயக்கும் சிங்களத் தம்பி ஒருவர் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். “பார்த்தீர்களா அய்யே, டில்லியையே திருப்பி அனுப்பிவிட்டோம்!” அவர் முகத்தில் இருந்த பெருமை பொய்யில்லை. நானும் மகிழ்ச்சியாகத்தான் குடித்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, செப்டெம்பரில், மேற்கு முனையத்துக்கு ஒப்பந்தமானது. இந்தியாவின் அதானி நிறுவனத்துக்கு 51 வீதம், உள்ளூர்த் தனியார் கம்பனி ஜோன் கீல்ஸுக்கு 34, துறைமுக அதிகார சபைக்கு 15. கிழக்கில் 49 வீதம் கொடுக்கக் கூடாது என்று நின்ற கூட்டத்தை, மேற்கில் 85 வீதம் போனபோது நான் வாசலில் காணவில்லை. காரணம் எளிது. கிழக்கில் கட்டி முடித்த இறங்குதுறை இருந்தது. அதில் தங்கள் வேலை இருப்பதாகத் தொழிலாளி கண்ணால் பார்த்தான். மேற்கு அப்போது வெறும் கடல். கடலுக்காக யார் மறியல் செய்வது?

அதனால் என் அபிப்பிராயம் இது: உள்நாட்டுச் சக்திகளுக்கு ‘முடியாது’ என்று சொல்லும் பலம் நிறைய உண்டு. அடுத்து என்ன வரும் என்பதைத் தீர்மானிக்கும் பலம் அநேகமாக அவர்களிடம் இருப்பதில்லை. அமெரிக்காவின் மிலேனியம் சவால் நிறுவனம் தர முன்வந்த 480 மில்லியன் டொலர் கொடையும் இப்படித்தான் போனது. காணி பறிபோகும் என்று எழுந்த எதிர்ப்புக்குப் பயந்து அரசாங்கம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இழுத்தடித்ததில் 2020 டிசெம்பரில் அமெரிக்கர்களே கோப்பை மூடிவிட்டார்கள். ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1988இல் எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது: தலைவர் ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் ஆடுகிறார், ஒன்று வெளிநாட்டில், மற்றது வீட்டில். வீட்டு மேசை கடுமையாக இருந்தால், “நான் சம்மதித்தாலும் என் ஆட்கள் விடமாட்டார்கள்” என்று வெளியே பேரம் பேசலாம். எங்கள் தலைவர்கள் அந்த வசனத்தை நன்றாகவே பாடமாக்கியிருக்கிறார்கள்.

அதற்காக வயிற்றின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொரியப் போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு. பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கமோ கம்யூனிஸ்டுகளைக் கண்டாலே ஆகாத அரசாங்கம். சீனாவோடு தூதரக உறவுகூடக் கிடையாது. இருந்தும் 1952இல் ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரைக் கொடுத்து 270,000 தொன் அரிசியை வாங்குவதெனச் சீனாவோடு ஐந்து வருட ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கா முகம் சுளித்தது, உதவியை மறுத்தது. கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றவர்களின் வாக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. அடுத்த வருடமே அந்த அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது என்ன நடந்தது என்று பாருங்கள்: 1953 ஓகஸ்ட் 12 ஹர்த்தால். கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலுக்குள் போய் அமைச்சரவை கூட வேண்டியதாயிற்று. ஒக்டோபரில் டட்லி பதவியையே விட்டார்.

சத்தமே போடாமல் காரியம் சாதிப்பவர்களும் உண்டு. 2017 டிசெம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியில் ஒரு வண்டு கிடந்தது என்று ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. 2018 முதல் அஸ்பெஸ்டஸைத் தடை செய்ய இலங்கை அப்போது முடிவெடுத்திருந்தது. அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடு ரஷ்யா. தேயிலை வியாபாரிகள் பதறினார்கள். அஸ்பெஸ்டஸ் தடை பின்போடப்பட்டது, டிசெம்பர் முடிவதற்குள் ரஷ்யச் சந்தை திறந்தது. ஊர்வலமில்லை, உண்ணாவிரதமில்லை, ஒரு பதாகைகூட இல்லை. அந்த வண்டு எங்கே போனதோ!

கடைசியாக, எந்த மேசையிலும் இடமில்லாதவர்கள். இதில் என் வீட்டுக் கதை இருப்பதால் சற்றுச் சூடாகவே எழுதுவேன். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் டில்லியில் ஒப்பமிட்டார்கள். மலையகத் தமிழர் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நாட்டுக்கு டொலர் தேடித் தந்த தேயிலை அவர்கள் கையால் பறித்தது. அப்படியும் அவர்களைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் 1948இல் குடியுரிமையும் 1949இல் வாக்குரிமையும் ஏற்கெனவே பறிக்கப்பட்டிருந்தன. உள்நாட்டுச் சக்தி என்று எண்ணப்படுவதற்கு முதலில் உள்நாட்டவர் என்று எண்ணப்பட வேண்டுமே.

என் பாட்டி ஹட்டனில் தங்கிவிட்டார். அவருடைய தம்பி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரிக்குப் போய், அங்கும் ஒரு தேயிலைத் தோட்டத்திலேயே பெயர் பதிந்தார். அவரிடமிருந்து வந்த முதல் கடிதத்தைப் பாட்டி எங்களுக்கு வாசிக்கச் சொல்வார். “இங்கேயும் அதே குளிர்தான் அக்கா. ஆனால் இங்கே எங்களைச் சிலோன்காரர் என்கிறார்கள்” என்று எழுதியிருந்தார்.