விஷமுறிவு மருந்து போட்ட பிறகும் பாம்பு கடித்த இடத்தில் சதை ஏன் கெட்டுப்போகிறது?

கேட்டவர் வீட்டில் யாருக்கோ கடிபட்டிருக்கிறது, மருந்து ஏற்றியும் கால் கறுத்துக்கொண்டு வருகிறது, "லேட்டாக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். என் வலது கெண்டைக்காலைப் பார்ப்பவர்கள் ஒன்பது வருடமாக அதே வாக்கியத்தைத்தான் என்னிடமும் சொல்கிறார்கள்.

நான் லேட்டாகப் போகவில்லை. கடித்தது விரியன். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது. ஆனால் சதைக்கு நடக்க வேண்டியது அதற்குள் நடந்து முடிந்திருந்தது. (நான் டாக்டர் இல்லை. படுத்துக் கிடந்த ஏழு வாரத்தில் டாக்டரைத் துளைத்தெடுத்தும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் திருத்துங்கள், திட்டாதீர்கள்.)

விரியன் விஷத்தில் பாஸ்போலிபேஸ் ஏ2 என்று ஒரு நொதி இருக்கிறது. நம் தசை இழை ஒவ்வொன்றையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கும். நொதி அதை அரித்து ஓட்டை போடுகிறது. சவ்வுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய 10,000 மடங்கு. ஓட்டை விழுந்ததும் மடை திறந்த மாதிரி உள்ளே பாய்கிறது. தசைக்குக் கால்சியம் என்றால் "சுருங்கு" என்று அர்த்தம். இழை சுருங்குகிறது, மேலும் சுருங்குகிறது, கடைசியில் தன்னைத் தானே கிழித்துக்கொள்கிறது. கூடவே கால்பெயின் என்ற இன்னொரு நொதி விழித்துக்கொண்டு உள்ளிருக்கும் புரதங்களை வெட்டத் தொடங்கும். அது பாம்புடையது இல்லை, நம்முடையதுதான். நிமிடக் கணக்கில் முடிகிற வேலை இது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இழையின் ஓரங்களில் ஆப்பு அடித்து எடுத்த மாதிரி முக்கோணமாகத் தெரியுமாம்.

குழிவிரியன்களில் இதே புரதத்துக்கு ஒரு தம்பி உண்டு. அதன் அமினோ அமில வரிசையில் 49ஆவதாக ஆஸ்பார்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் உட்கார்ந்திருக்கும். அதனால் கொழுப்பை வெட்டத் தெரியாது. ஆனாலும் சவ்வைக் குலைத்துத் தசையைக் கொன்றுவிடும். பல் போன பிறகும் கடிக்கிற ஜென்மம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா ஒருவர், வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியையும் எழுதுவார். 7.10, 7.30, 7.50. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வீக்கம் நான்கு கோடு தாண்டிவிட்டது. மறுநாள் சிறுநீர் பாட்டிலில் துருப்பிடித்த குழாயில் முதலில் வரும் தண்ணீரின் நிறம். உடைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கசிந்து சிறுநீரகம் வழியாகப் போகிறது என்றார்கள். தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறுகிற நொதி கிரியேட்டின் கைனேஸ்; சில நூறுக்குள் இருக்க வேண்டியது எனக்கு 31,000. உங்கள் வீட்டில் இருப்பவருக்குச் சிறுநீர் நிறம் மாறினால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், சிறுநீரகம் அடிபடுவது இப்படித்தான்.

அப்படியானால் மருந்து எதற்கு? இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போட. எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு சதை மிஞ்சும். விஷத்தால் உறையாமல் போயிருந்த என் ரத்தம் மறுபடி உறைய ஆரம்பித்ததும், நான் இன்று இதைத் தட்டச்சு செய்வதும் அதனால்தான். கிழிந்த இழையை மட்டும் அதனால் தைக்க முடியாது. மருந்தே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட வேண்டாம்.

"தசைதான் திரும்ப வளருமே, நீங்க எக்சர்சைஸ் பண்ணலையா?" என்பது அடுத்த குத்தல். வளரும்தான். ஆய்வகத்தில் நாகப்பாம்பின் கார்டியோடாக்சினை ஊசியில் ஏற்றி எலியின் தசையை வேண்டுமென்றே அழிப்பார்கள், ஏறக்குறைய ஒரு மாதத்தில் அது திரும்ப வந்துவிடும். இழையோடு ஒட்டியிருக்கும் சாட்டிலைட் செல்கள் பெருகிப் புது இழை செய்கின்றன. ஆனால் அங்கே ரத்தக் குழாய்களும் இழையின் உறையும் பெரும்பாலும் தப்பிவிடும். விரியன் விஷத்தில் மெட்டல்லோபுரோட்டினேஸ் என்ற வேறொரு நொதிக் கூட்டமும் வருகிறது. அது நுண்குழாய்களின் சுவரைத் தாங்கும் நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தை அறுக்கிறது. ரத்தம் வெளியே கசிகிறது, வர வேண்டிய இடத்துக்கு வருவதில்லை. சாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை என்றால் கொத்தனார் என்ன கட்டுவார்? அந்த இடத்தில் தழும்பும் கொழுப்பும்தான் நிரம்பும். பிசியோதெரபிஸ்ட் டேப்பில் அளந்தால் என் வலது கெண்டைக்கால் இன்றைக்கும் 3.5 செ.மீ. குறைவு. ஒன்றரை வருடம் ஒரு நாள் விடாமல் பயிற்சி செய்த கால் அது.

கடித்த உடனே நண்பன் தன் பெல்ட்டைக் கழற்றி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். விஷத்தை ஒரே இடத்தில் தேக்கி, ரத்த ஓட்டத்தையும் நிறுத்துகிற காரியம் அது. நல்ல மனசோடு செய்தான். அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. நீங்கள் யாருக்கும் கட்டாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. சதை போனாலும் நீர் கோத்துக்கொள்வது போகவில்லை, வலது பாதம் எப்போதும் ஒரு எண் பெரிது. ஷூவை மட்டும் ஏன் எல்லோரும் ஜோடியாகவே விற்கிறார்கள்? எனக்கு ஒரு ஜோடி வேண்டுமென்றால் இரண்டு ஜோடி வாங்க வேண்டும். மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். உங்களில் யாருக்காவது இடது கால் வீங்கியிருந்தால் சொல்லுங்கள். இடது 10, வலது 9, நான்கு ஜோடி பெட்டி பிரிந்தபடி, போடாமல் இருக்கிறது.