19ஆம் நூற்றாண்டு வேல்ஸில் குத்தகை விவசாயிகள் நிலப்பிரபுவுக்கு ஏன் அவ்வளவு பயந்தார்கள்?

குத்தகைப் பணம் அதிகம், அதனால்தான் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. வேல்ஸின் மிகப்பெரிய பண்ணையான வின்ஸ்டேயை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம்ஸ்-வின் குடும்பத்துச் சொத்து அது, 1,40,000 ஏக்கருக்கும் மேல். அங்கே குத்தகை மிதமானது என்றே பெயர்.

பயத்துக்குக் காரணம், ஆண்டுக்கு ஆண்டு ஓடிய குத்தகை. மூன்று தலைமுறையாக உழுத குடும்பத்தையும் ஒரு நோட்டீஸில் வெளியேற்றலாம். தன் காசில் வடிகால் வெட்டியவனுக்கும் தொழுவம் கட்டியவனுக்கும் நஷ்டஈடு நிச்சயமில்லை. இதோடு 1872 வரை வாக்கை எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாருக்குப் போட்டான் என்பது பண்ணை ஏஜெண்டுக்கு அன்றே தெரிந்துவிடும்.

1859இல் மெரியோனெத் தொகுதியில் இதுதான் நடந்தது. நிலப்பிரபுக்கள் ஆதரித்த பழமைவாதக் கட்சியின், அதாவது டோரி, வேட்பாளர் கொஞ்ச வாக்குகளில்தான் ஜெயித்தார். அப்புறம், அவருக்கு வாக்களிக்காத குத்தகைதாரர்கள் சிலரை வின்ஸ்டே, ரியூலாஸ் பண்ணைகள் வெளியேற்றின. பாலா ஊரில் மதபோதகர்களுக்கான கல்லூரியை நடத்திய மைக்கேல் டி. ஜோன்ஸின் தாயும் அப்படி நிலத்தை இழந்தார். அவர் ஒரு விதவை. நிலப்பிரபுவின் கை எட்டாத இடத்தில் வெல்ஷ் மொழி பேசி வாழ ஒரு குடியேற்றம் வேண்டும் என்று ஜோன்ஸ் அவ்வளவு பிடிவாதமாக நின்றதற்கு இந்தக் காயமும் காரணம் என்றே நம்புகிறேன். 1865இல் மிமோசா கப்பலில் சுமார் 150 பேர் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள பாடகோனியா போனது அவருடைய உழைப்பால்தான்.

நிலப்பிரபு ஆங்கிலம் பேசும் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து அரசுத் திருச்சபைக்காரன்; குடியானவன் வெல்ஷ் பேசி, அந்தச் சபையில் சேராதவர்களின் சேப்பலுக்குப் போகிறவன். இந்த இடைவெளி பயத்தைக் கசப்பாகவும் மாற்றியது. 1868 தேர்தலுக்குப் பிறகு கார்டிகன்ஷயரிலும் கார்மார்தன்ஷயரிலும் மறுபடி வெளியேற்றங்கள். அந்தக் கொதிப்பும் ரகசிய வாக்குச்சீட்டு வர ஒரு காரணம்.

ரியூலாஸ் பண்ணையின் குத்தகைக் குடும்பத்தில் பிறந்த டாம் எல்லிஸ் 1886இல் மெரியோனெத்தின் நாடாளுமன்ற உறுப்பினரானார். அவரும் சக வெல்ஷ் உறுப்பினர்களும் கொடுத்த அழுத்தத்தில்தான் 1893இல் நில ஆணையம் அமைந்தது. குத்தகையைத் தீர்மானிக்க நில நீதிமன்றம் வேண்டும் என்றார்கள் ஆணையத்தின் பெரும்பான்மை உறுப்பினர்கள். ஆனால் 1896இல் அறிக்கை வந்தபோது ஆட்சி டோரிகள் கையில் இருந்தது. சட்டம் எதுவும் வரவில்லை. முதல் உலகப் போரை ஒட்டிப் பல பண்ணைகள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோதுதான், உழுதவர்களில் பலர் கடன் வாங்கியாவது நிலத்தைத் தங்கள் பேருக்கு வாங்கினார்கள்.